ஏலமலையில் எதை அளப்பது?

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரே, தோட்டத்து வேலை முடிந்து முகம் கழுவிய கையோடு வந்திருக்கும் பெரியவர்களே, கம்பம்மெட்டுச் சோதனைச்சாவடி தாண்டி மலையேறி வந்திருக்கும் நண்பர்களே, நாற்காலி காலியாக இருந்தும் பின்னால் நின்றுகொண்டிருக்கும் கிளப் தம்பிகளே!

அழைப்பிதழில் ‘இளைஞர் மன்றங்களும் அறிவியல் ஆர்வமும்’ என்று போட்டிருக்கிறீர்கள். இந்த மாதிரித் தலைப்பில் பேசுகிறவர்களுக்கு ஒரு வழி பழகிப்போயிருக்கிறது. அப்துல் கலாம் பெயரைச் சொல்லி, கனவு காணச் சொல்லி, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். அதில் குற்றமில்லை. ஆனால் கைதட்டிய பையன் மறுநாள் காலையில் என்ன செய்வான்? அந்த மறுநாள் காலையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், காலை எட்டரை மணியைப் பற்றி.

இந்த வண்டன்மேட்டைச் சுற்றி இருக்கும் அறிவியல் பல மாவட்டத் தலைநகரங்களில்கூடக் கிடையாது. மயிலாடும்பாறையில் 1978 முதல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம். புற்றடியில் கணினித் திரையைப் பார்த்து வியாபாரிகள் பொத்தானை அழுத்தி ஏலம் கேட்கிறார்கள். மேற்கே போனால் குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே 168.91 மீட்டர் உயரத்தில் வளைந்து நிற்கும் இடுக்கி அணை. அதன் தண்ணீரில் மூலமற்றத்துப் பாறைக்குள் 780 மெகாவாட் மின் நிலையம். ராமக்கல்மேட்டில் காற்றாலை. வடகிழக்கே பழனி மலையில் 1899இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகம். இத்தனைக்கும் நடுவில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளரும் பிள்ளை அறிவியல் என்றால் பாடப்புத்தகம், பரீட்சை, பிறகு ஒரு தெர்மகோல் அணை என்றுதான் நினைக்கிறது. அந்த தெர்மகோல் அணைக்குக் கண்காட்சியில் இரண்டாம் பரிசும் கிடைத்துவிடும். கண்காட்சி முடிந்ததும் அது ஸ்டாஃப் ரூம் அலமாரி மேலே ஏறிவிடும்.

நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். இங்கே ஏற்கெனவே இருக்கிற மன்றங்கள் காட்சி வைப்பதைக் குறைத்துக்கொண்டு அளக்கத் தொடங்க வேண்டும். மழை, தேனீ, மேகம் என்று கண்ணெதிரே இருப்பதை, தினமும், ஒரே நேரத்தில், ஒரே முறையில் அளந்து நோட்டில் எழுத வேண்டும்.

மன்றத்துக்கு இங்கே பஞ்சமில்லை. கேரளத்தில் நான்கு கடை இருக்கிற முக்கில் ஐந்தாவதாக ஒரு ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப் இருக்கும். கேரம் போர்டு, ஓணத்துக்கு வடம்வலி என்கிற கயிறிழுப்பு, கால்பந்து உலகக் கோப்பை வந்தால் ஆளுயர பிளெக்ஸ். இடுக்கிக்காரர்களின் வடம்வலி பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதோடு வாசகசாலை இயக்கம். 1945இல் அம்பலப்புழையில் பி.என்.பணிக்கர் தொடங்கிவைத்த நூலகச் சங்கம் மலைமேல்வரை ஏறி வந்தது. எடமலைக்குடியில், முதுவான் மக்களின் காட்டுக்குள், தேநீர்க் கடையில் நூலகம் நடத்திய பி.வி.சின்னத்தம்பியைப் பற்றிப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். கடையும் புத்தகமும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. கட்டடம் இல்லையே, நிதி இல்லையே என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

அறிவியலை இந்தக் கூட்டங்களுக்குள் கொண்டுவந்த வரலாறும் நம் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 1962இல் கோழிக்கோட்டில் சில அறிவியல் எழுத்தாளர்கள் கூடித் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1966இல் ‘சாஸ்திரகதி’, 1969இல் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘சாஸ்திரகேரளம்’, 1970இல் சின்னப் பிள்ளைகளுக்கு ‘யுரேகா’ என்று வரிசையாக மலையாளத்தில் பத்திரிகைகள் கொண்டுவந்தது. 1980இல் பாட்டும் நாடகமுமாகக் கலைப்பயணம் கிளம்பியது. மலைக்கு அந்தப் பக்கம் அதே 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிறந்தது. 1987இல் ‘துளிர்’ மாத இதழ் வந்தது. அதைப் படிக்கிற பிள்ளைகள் கூடும் துளிர் இல்லங்கள் வந்தன. 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடக்கிறது. அதில் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும்.

வண்டன்மேட்டுத் தமிழ்ப் பிள்ளை இந்த இரண்டு இயக்கங்களுக்கும் நடுவில் நிற்கிறது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. ‘யுரேகா’ கிடைக்கும் இடத்தில் அதைப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகள், ‘துளிர்’ படிக்கத் தெரிந்தும் அது வந்து சேராத பிள்ளைகள் என்று இரண்டு வகையும் இங்கே உண்டு. ஒரே மன்றத்தில் இரண்டு பத்திரிகையும் போடுவதற்கு ஆகும் செலவு, ஓணத்துக்கு அடிக்கும் பிளெக்ஸின் செலவைத் தாண்டாது. சொல்லிவைக்கிறேன், கோபப்படாதீர்கள்.

பரிஷத்தின் பெருமையாக எல்லோரும் சொல்வது சைலன்ட் வேலியை. பாலக்காட்டுக் காட்டில் குந்திப்புழைக்குக் குறுக்கே அணை கட்டும் திட்டத்தை எதிர்த்த போராட்டம். 1984இல் அது தேசியப் பூங்கா ஆனது. அந்தப் போராட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் ஊர்வலமோ கவிதையோ இல்லை. எம்.கே.பிரசாத் போன்ற கல்லூரி ஆசிரியர்களும் அவர்களோடு இருந்த பொறியாளர்களும் பொருளாதாரம் படித்தவர்களும் உட்கார்ந்து, திட்டத்திலிருந்து எவ்வளவு மின்சாரம் வரும், அதை வேறு எப்படிப் பெறலாம் என்று கணக்குப் போட்டு 1979இல் ஓர் அறிக்கை கொண்டுவந்தார்கள். எதிர்த்தவர்கள் கையில் எண் இருந்தது. அதனால்தான் மின்வாரியம் பதில் சொல்ல வேண்டி வந்தது.

நாமே அளந்த எண் இல்லாத சண்டை எப்படி இருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். முல்லைப்பெரியாறு என்றதும் இந்த மலையில் பத்து வயதுப் பிள்ளைகூட 136, 142, 152 என்று அடிக்கணக்கு சொல்லும். 2011 டிசம்பரில் அந்த அணையை வைத்து இந்த எல்லையில் நடந்த மோதல்களை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அணையின் நீர்மட்டத்தை மனப்பாடமாகச் சொல்லும் நம்மில் எத்தனை பேர், நேற்று நம் வாசலில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று சொல்வோம்?

இனி எட்டரை மணிக்கு வருகிறேன். இந்திய வானிலைத் துறை அன்றாட மழையைக் கணக்கெடுப்பது காலை 8.30க்கு. முந்தின நாள் எட்டரையிலிருந்து அன்று எட்டரை வரை பெய்ததைத்தான் அன்றைய மழை என்று எழுதுவார்கள். மழைமானி பெரிய கருவி ஒன்றும் இல்லை. பக்கம் நேராக இருக்கும் எந்தப் பாத்திரமும் மழைமானிதான். அகலம் எவ்வளவாக இருந்தாலும், சேர்ந்த தண்ணீரின் உயரம்தான் மழையளவு. மரத்தடியிலும் கூரையோரத்திலும் வைக்கக் கூடாது. தரையிலிருந்து தெறிப்பு விழாத உயரத்தில் வைக்க வேண்டும். அளந்ததும் கொட்டிவிட வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கருக்குச் சுமார் நாலாயிரம் லிட்டர். அப்படியானால் பத்து மில்லிமீட்டர் கோடை மழை ஒரு ஏக்கர் ஏலத்தோட்டத்தில் நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீரை இறக்கியிருக்கிறது. இந்தக் கணக்கைப் பையன் ராத்திரி வீட்டில் சொன்னால், நாளைக்கு மோட்டார் போட வேண்டுமா வேண்டாமா என்று அப்பா யோசிப்பார். 2024 கோடையில் ஏலச்செடி காய்ந்து சரிந்ததைப் பார்த்த அப்பாவுக்கு இது விளையாட்டுக் கணக்கு இல்லை.

ஆராய்ச்சி நிலையத்தில்தான் மழை அளக்கிறார்களே என்று கேட்கலாம். அளக்கிறார்கள், நன்றாகவே அளக்கிறார்கள். 1978 முதல் 2007 வரையிலான பருவநிலையையும் ஏலமலையின் விளைச்சலையும் சேர்த்து ஆராய்ந்த ஒரு கட்டுரை 2012இல் வெளியானது. பாம்பாடும்பாறையைச் சேர்ந்த எம்.முருகன் அதன் முதல் ஆசிரியர். ஆனால் மலையில் மழை ஒரே மாதிரி விழுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து ஏறி, குளிர்ந்து, ஈரத்தை நம் தலையில் இறக்கிவிட்டு, கம்பம் பள்ளத்தாக்குக்கு வறண்ட காற்றாகப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கணக்கு மாறும். கட்டப்பனை, புளியன்மலை, வண்டன்மேடு, கம்பம்மெட்டு, கீழே கம்பம் என்று ஐந்து இடத்தில் ஐந்து மன்றம், ஒரே மாதிரி ஐந்து மழைமானி. காலையில் ஐந்து எண்களும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் விழட்டும். ஓர் ஆண்டில் மழை இந்த முகட்டைத் தாண்டும்போது எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு குறைகிறது என்ற கோடு கிடைத்துவிடும். மலையாளப் பையன் அளந்த எண்ணும் தமிழ்ப் பெண் அளந்த எண்ணும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும். தண்ணீரைப் பற்றி அடுத்த முறை சத்தம் கிளம்பும்போது அந்த அட்டவணை யாருக்காவது பயன்படலாம்.

இது வெறும் யோசனை இல்லை. பக்கத்தில் நடந்துகொண்டிருக்கிறது. கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றோரம் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் மழைமானியும் ஆற்றுமட்ட அளவுகோலும் வைத்து அளந்து, மேலே பெய்ததைக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்கிறார்கள். வயநாட்டில் கல்பற்றாவின் ஹியூம் மையம் தோட்டக்காரர்கள், ஊர்க்காரர்கள் வீடுகளில் இருநூறுக்கு மேற்பட்ட மழைமானிகளை வைத்திருக்கிறது. 2024 ஜூலை கடைசியில் புத்துமலைப் பக்கம் இரண்டு நாளில் 570 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. இருபத்துநாலு மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினாலே வானிலைத் துறை அதி கனமழை என்கிறது. மையம் முந்தைய நாளே மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்தது. 30ஆம் தேதி விடியுமுன் நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் போயின.

அளந்தும் காப்பாற்ற முடியவில்லையே என்று இதைக் கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மழைமானி யாரையும் காப்பாற்றாது. அதைப் படித்தவர் சொல்வதை அடுத்தவர் கேட்டு, அவர் லயத்துக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அந்தச் சங்கிலியில் முதல் கண்ணி மட்டும்தான் கருவி. மீதி எல்லாம் மனிதர்கள், அதுவும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் மனிதர்கள். அதனால்தான் இதை அரசு அலுவலகத்தை விட ஊர் கிளப் நன்றாகச் செய்யும் என்கிறேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது மின்சாரமும் தொலைபேசியும் இல்லை. வெளியுலகுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்கு விடிய வேண்டியிருந்தது. எழுபது பேர். பலருக்குக் கயத்தாறு சொந்த ஊர். அங்கே ஒரு மழைமானி இருந்திருந்தால் என்று பேசுவது இப்போது யாருக்கும் உதவாது. ஆனால் இன்று எந்தெந்த லயத்துக்கு மேலே சரிவு இருக்கிறது, அங்கிருந்து எந்த வழியாக எத்தனை நிமிடத்தில் இறங்கலாம் என்று ஒரு கிளப் நடந்து பார்த்து வரைபடம் போட்டுவைக்க முடியும். அதற்குக் கைபேசி போதும்.

அடுத்தது ஏலக்காய். ஏலப்பூ அதிகாலையில் மலர்கிறது, அதன் ஆயுள் ஒரு நாள். அதற்குள் தேனீ வர வேண்டும். வராவிட்டால் பிஞ்சு பிடிக்காது. கொசுத்தேனீயோ மலைத்தேனீயோ அடுக்குத்தேனீயோ, எது, எத்தனை மணிக்கு, ஒரு சரத்துக்கு எத்தனை முறை வருகிறது? மருந்தடித்த மறுநாள் எத்தனை? மருந்தடிக்காத பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை? காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் ஒரு செடியருகே அசையாமல் உட்கார்ந்து எண்ணினால் போதும். மருந்துக் கடைக்காரருக்கு இந்தக் கணக்கு பிடிக்காமல் போகலாம். போகட்டும்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த வேலைக்கு இந்த மலையிலேயே பெரிய சான்று இருக்கிறது. நீங்கள் தினமும் கையில் எடுக்கும் ஞள்ளானி ரகம், கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் கண்டெடுத்தது. செடிக்குச் செடி வேறுபாட்டைக் கவனித்து, தேறியதைப் பிரித்து நட்டு, பெருக்கி, குடும்பப் பெயரையே ரகத்துக்கு வைத்தார். தேசியப் புத்தாக்க நிறுவனம் அவருக்கு விருது கொடுத்தது. ஏலமலையின் வருமானத்தை மாற்றிய அந்தச் செடி பிறந்தது ஒரு விவசாயியின் சொந்தத் தோட்டத்தில்.

அமெரிக்காவில் இதையே பிள்ளைகளை வைத்துச் செய்தார்கள். 1902இல் ஒஹாயோ மாநிலத்தில் ஏ.பி.கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். மக்காச்சோள விதையைச் சோதிப்பது, மண்ணைச் சோதிப்பது என்று வேலை கொடுத்தார். அந்தக் காலத்து அமெரிக்க விவசாயி பல்கலைக்கழகத்துக்காரன் சொல்வதைக் கேட்க மாட்டான். ஆனால் தன் மகன் தன் நிலத்து மூலையில் விளைவித்துக் காட்டியதை எப்படி இல்லை என்பான்? 4-எச் மன்றங்கள் என்று இன்று உலகமெங்கும் அறியப்படும் இயக்கத்தின் வேர் அதுதான். மயிலாடும்பாறை விஞ்ஞானியின் சிபாரிசை எத்தனை அப்பாக்கள் கேட்கிறார்கள் என்பதை உங்கள் யூகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

தொழில்நுட்பத்தைப் பற்றி ஏன் பேசவில்லை என்று தம்பிகள் நினைக்கலாம். 2018 முதல் கேரளப் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் இருக்கின்றன. ரோபோ, அனிமேஷன், நிரல் எழுதுதல் எல்லாம் அங்கே நடக்கிறது, நல்ல திட்டம். மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் கிடைக்கிற பள்ளிக்கு இருபது லட்சம் ரூபாய் மானியம். கிடைத்தவர்கள் பாக்கியவான்கள். கிடைக்காதவர்கள் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. நாடு முழுவதும் அறிவியல் மன்றங்களை இணைத்துவந்த விஞ்ஞான் பிரசார் நிறுவனத்தையே 2023இல் மூடிவிட்டார்கள். மேலிருந்து வரும் திட்டம் மேலிருந்தே போகும்.

இன்னொன்று, பள்ளியோடு முடிகிற மன்றம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஜீப் ஓட்டவோ, திருப்பூருக்கோ, தோட்டத்துக்கோ போகிற பிள்ளைக்கு அறிவியலோடு இருந்த தொடர்பு அறுந்துபோகும். ஊர் கிளப்புக்கு டி.சி. கிடையாது. ஜீப் ஓட்டுகிற தம்பி எண்ணி எழுதிய தேனீக் கணக்கும் கணக்குதான். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் மாநிலம் முழுக்க நடந்து கேரளப் பறவை வரைபடத்தை உருவாக்கினார்கள். 361 இனங்கள். அந்தப் பணியில் பட்டயம் கேட்டு யாரையும் நிறுத்தவில்லை.

ஆனால் நம் கிளப்புகளில் ஒரு குறை இருக்கிறது, மேடை மரியாதைக்காக மறைக்கக் கூடாது. அங்கே பெண்பிள்ளைகளைக் காணோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திறக்கிற, வாசலில் பைக் நிற்கிற இடத்துக்கு எந்த அம்மா பெண்ணை அனுப்புவார்? குடும்பஸ்ரீ மகளிர் இயக்கம் பிள்ளைகளுக்கு நடத்தும் பாலசபைகளில் அவர்கள் இருக்கிறார்கள். அளக்கும் வேலை காலையில், வீட்டு வாசலில் நடப்பது. கிளப்பும் பாலசபையும் நோட்டைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பொறுப்பாளர் பட்டியலில் முதல் பெயர் ஒரு பெண்ணின் பெயராக இருந்தால் மீதி தானாக நடக்கும்.

கிழக்கே போடி மலைப் பக்கம் பொட்டிபுரத்தில் நடந்ததையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஒரு கிலோமீட்டர் பாறைக்கு அடியில் 50,000 டன் இரும்புக் காந்தம். ஒரு பக்கம் கதிர்வீச்சு வரும் என்று பீதி. மறுபக்கம் இது உலகப் பெருமை என்று பிரசங்கம். நியூட்ரினோ நம் உடம்பைத் துளைத்து நொடிதோறும் போய்க்கொண்டிருப்பது, அதைக் கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965இலேயே இந்தியர்கள் பதிவு செய்தது, இதெல்லாம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை. குகை வெட்டும் வெடியும், மதிகெட்டான் சோலையை ஒட்டிய புலி வழித்தடமும், நிலத்தடி நீரும் உண்மையான கேள்விகள்; அவை கதிர்வீச்சுப் பீதியின் சத்தத்தில் அமுங்கின. 2022இல் தமிழ்நாடு அரசு அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ இங்கே நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. அந்த ஊரில் எதைக் கேட்பது என்று தெரிந்த இருபது இளைஞர்கள் இருந்திருந்தால் இரண்டு தரப்புமே கொஞ்சம் நிதானமாகப் பேசியிருக்கும்.

கடைசியாக, கிளப் தம்பிகள் இன்று கையோடு எடுத்துப்போக ஒரு வேலை. 2031 மே 21, புதன்கிழமை. அன்று கங்கண சூரிய கிரகணம். நிலவின் நிழல் கொச்சி, கோட்டயம் வழியாக ஏறி, தேனி, மதுரை என்று இறங்கிப் போகும் பாதையில் நம் ஏலமலையும் இருக்கிறது. பிற்பகல் ஒரு மணியை ஒட்டி, சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் இருக்கும்போது, வளையமாகத் தெரியும், ஐந்து நிமிடம்போல. 2019 டிசம்பரில் அப்படி ஒன்றைப் பார்க்கக் கோயம்புத்தூருக்கும் திண்டுக்கல்லுக்கும் போக வேண்டியிருந்தது. இந்த முறை நம் வாசலுக்கே வருகிறது; பள்ளி விடுமுறையும்கூட. வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடி வேண்டும் என்பதெல்லாம் அப்போது எல்லோரும் சொல்வார்கள்.

யாரும் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. மே மாதக் கடைசியில், பகல் ஒரு மணிக்கு, வண்டன்மேட்டு வானம் திறந்திருக்குமா? கோடை மழையும் பருவமழைக்கு முந்தைய மேகமும் மலையேறும் நேரம் அது. முகட்டில் மூடியிருக்கும்போது கம்பத்தில் வெயில் அடிக்கலாம். சில நாள் நேர்மாறாகவும் இருக்கலாம். கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் வந்ததற்கே ஒரு காரணம், சென்னை மாகாணத்துப் பஞ்சத்துக்குப் பிறகு சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க நினைத்ததுதான். 1904 முதல் மேகம் விடுகிற நாளெல்லாம் அங்கே சூரியனைப் படமெடுத்துவைக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒவ்வொரு ஆண்டும் மே 10 முதல் 31 வரை, பகல் சரியாக ஒரு மணிக்கு, மேலே சொன்ன ஐந்து இடத்திலும் ஐந்து பேர் வெளியே வந்து வானத்தைப் பார்க்கட்டும். வானத்தை எட்டுப் பங்காக்கி எத்தனை பங்கு மேகம் என்று எழுதுவது வானிலையாளர்களின் வழக்கம், அதையே பின்பற்றலாம். அதோடு சூரியன் தெரிந்ததா இல்லையா என்று ஒரு சொல். 2031 ஏப்ரலில் அந்த நோட்டுகளைச் சேர்த்துவைத்துக் கணக்குப் பார்த்தால், ஜீப்புகளை மேட்டிலேயே நிறுத்துவதா, விடியும்போதே கம்பத்துக்கு இறக்குவதா என்று முடிவு செய்ய ஏதோ ஒரு ஆதாரம் கையில் இருக்கும். கொச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிற வானியல்காரர்களும் உங்களிடம்தான் வந்து கேட்பார்கள்.

அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். எனக்குப் போர்த்த வைத்திருக்கும் சால்வையையும், மேசைமேல் இருக்கும் கேடயத்தையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் ஐந்து மழைமானியும் கெட்டி அட்டை போட்ட ஐந்து நோட்டும் வாங்கிக் கொடுங்கள். நோட்டில் தலைப்புகளைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்துவிட்டால் நல்லது. எந்த மன்றம் எந்த இடத்தைப் பொறுப்பெடுக்கிறது என்று கூட்டம் கலையுமுன் பேசி முடித்துவிடலாம். கம்பம் நண்பர்கள் கடைசி ஜீப்பைப் பிடிக்க வேண்டும்.